வாசகர் கேள்வி–பதில்: விளம்பரத் தடுப்பான் போட்டாலும் போடாவிட்டாலும்

குரோமில் நெடுநாளாக இருந்த யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் தானாகவே அணைந்துவிட்டது. திரும்பப் போடவும் முடியவில்லை. ஏன்?
– வாசகர், தேனி

உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) எப்படி இயங்க வேண்டும் என்ற விதியை குரோம் மாற்றிவிட்டது. பழைய முறையில் (மேனிஃபெஸ்ட் வி2) பக்கம் எதையாவது தரவிறக்கப் போகும் ஒவ்வொரு முறையும் தடுப்பான் குறுக்கே நின்று பார்த்து, விடலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும். புதிய முறையில் (வி3) விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தடுக்கும் வேலையை பிரவுசரே செய்யும். வி2 எக்ஸ்டென்ஷன்களுக்கு 2024இல் எச்சரிக்கை காட்டத் தொடங்கி, 2025இல் அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

உங்களுக்கு இரண்டு வழி. குரோமிலேயே இருப்பதென்றால், புதிய முறைக்கு ஏற்ற யூபிளாக் ஆரிஜின் லைட். அதில் தடுப்பின் அளவை அடிப்படை, உகந்தது, முழுமை என ஏற்றி இறக்கலாம். ஆனால் அதன் விதிப் பட்டியல்கள் எக்ஸ்டென்ஷனின் புதிய பதிப்போடு சேர்ந்துதான் வரும். ஒரு தளம் இன்று விளம்பர உத்தியை மாற்றினால், மருந்து வர நாளாகும். மற்ற வழி ஃபயர்பாக்ஸ். அங்கே பழைய யூபிளாக் ஆரிஜின் முழுதாக ஓடுகிறது, பட்டியல்களைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. மாறுவதில் சிரமம் இல்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

நிறுவும்போது உருவாக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஆரிஜின்’ இல்லாமல் வெறும் ‘யூபிளாக்’ என்று இருப்பது வேறு ஆட்களுடையது. ‘ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே’ என்று இன்னொரு தடுப்பானையும் சேர்த்துப் போடாதீர்கள். ஒன்று சரிசெய்து வைத்ததை மற்றது கெடுக்கும். பக்கம் பாதியில் நிற்கும்.

தடுப்பான் போட்டால் டேட்டா மிச்சம் என்கிறார்கள். எவ்வளவு என்று நாமே அளக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

முடியும். கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ டேபுக்குப் போங்கள். ‘டிசேபிள் கேஷ்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். இதை மறந்தால் முன்பே சேமித்து வைத்ததைக் காட்டி, அளவு குறைவாக வரும். பிறகு பக்கத்தை ரீலோட் செய்து அடிவரை உருட்டுங்கள். பல தளங்களில் கீழே போனால்தான் அங்குள்ள படங்களும் விளம்பரங்களும் இறங்கும். கீழ்ப்பட்டையில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’, ‘டிரான்ஸ்ஃபர்டு’, ‘ரிசோர்சஸ்’ என்று எண்கள் தெரியும். உங்கள் டேட்டாவில் கழிவது ‘டிரான்ஸ்ஃபர்டு’ மட்டுமே. ‘ரிசோர்சஸ்’ என்பது, சுருக்கி அனுப்பியதை விரித்த பிறகான அளவு.

தடுப்பான் இல்லாமல் அளக்க அதை நீக்க வேண்டியதில்லை. இன்காக்னிட்டோ சன்னலில், நீங்கள் தனியாக அனுமதி தந்திருந்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அதே பக்கத்தை அங்கே திறந்து அளந்தால் போதும். இரண்டு இடத்திலும் சரியாக ஒரு நிமிடம் கழித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரக் கட்டங்கள் பல தானாகவே மாறிக்கொண்டிருப்பதால், தடுப்பான் இல்லாத பக்கத்தின் கணக்கு நிற்காமல் ஏறும்.

செய்தித் தளங்களில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். விக்கிப்பீடியாவில் எதுவும் தெரியாது, அங்கே விளம்பரமே இல்லையே. வீடியோ பார்ப்பவர்களுக்கு டேட்டாவைத் தின்பது பெரும்பாலும் வீடியோதான்; அதில் தடுப்பான் பெரிதாக உதவாது.

ஆண்ட்ராய்டு போனில் என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஃபயர்பாக்ஸ் நிறுவி, அதன் மெனுவில் எக்ஸ்டென்ஷன்கள் பகுதியில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களையும் குறைக்க வேண்டுமென்றால் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கிறது (ஆண்ட்ராய்டு 9 முதல்). டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் இருக்கும்; இல்லாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் தேடுங்கள். ஆட்கார்டு போன்ற சேவையின் தளத்தில் தரப்பட்டுள்ள டிஎன்எஸ் பெயரை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். எண்களாலான ஐபி முகவரியை அந்தக் கட்டம் ஏற்காது.

இது முகவரியை மட்டும் பார்த்துத் தடுக்கும் முறை. வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருவதால் யூடியூப் விளம்பரங்கள் இதில் நிற்காது. தடுக்கப்பட்ட விளம்பரத்தின் இடமும் வெற்றுக் கட்டமாக நிற்கலாம். ரயில் நிலையம், ஓட்டல் வைஃபைகளில் லாகின் பக்கம் வராமல் மாட்டிக்கொண்டால், பிரைவேட் டிஎன்எஸ்ஸை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி, லாகின் முடித்தபின் பழையபடி மாற்றுங்கள்.

பணம் கட்டும்போது ஓடிபி பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. தடுப்பான்தான் காரணமா?
– வாசகி, ஈரோடு

பல நேரம் ஆம். கடையின் தளம், பணப் பரிவர்த்தனை நிறுவனம், வங்கி என மூன்று முகவரிகள் அங்கே கைமாறும். நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் சிறு நிரல்) தடுக்கப்பட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். கட்டணம் தொடங்கும் முன்பே, யூபிளாக் சின்னத்தைத் தொட்டு, பெரிய பவர் பொத்தானை அணைத்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். லைட்டில் அளவுக் கோலை ‘வடிகட்டல் இல்லை’ வரை இறக்க வேண்டும். இந்த விலக்கு ஒவ்வொரு தளத்துக்கும் தனி. வங்கிப் பக்கம் சிக்கினால் அங்கும் ஒருமுறை அணைத்து வையுங்கள். பாதிக் கட்டணத்தில் மட்டும் ரீலோட் வேண்டாம். முதலில் கணக்கில் பணம் கழிந்ததா பார்த்துவிட்டு, அப்புறம் புதிதாகத் தொடங்குங்கள்.

தடுப்பான் இருந்தும் திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று வந்துகொண்டே இருக்கிறது.
– வாசகர், மதுரை

அது பக்கத்துக்குள் வரும் விளம்பரம் அல்ல, நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளத்தில் ‘அலோ’ அழுத்தியிருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதிப் பட்டியலில் அறியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் வைக்கலாம்.

தடுப்பான் போடுவது பத்திரிகைகளின் வயிற்றில் அடிப்பதாகாதா?
– வாசகர், திருச்சி

வருமானம் குறைவது உண்மைதான். அன்றாடம் படிக்கும் தளங்களில் பவர் பொத்தானை அணைத்து வையுங்கள்; யூபிளாக் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தேடுபொறியில் மட்டும் அணைக்காதீர்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினால், மேலே வருவது மோசடிக்காரர் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம். இதைக் காரணம் காட்டித்தான், தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. வங்கி எண் வேண்டுமானால் உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.