கார்ட்ரிட்ஜ்: புதிது வாங்குவதா, ரீஃபில் செய்வதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஹெச்பி டெஸ்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. 803 வகைக் கறுப்பு, கலர் கார்ட்ரிட்ஜ்களைப் போடுகிறோம். பிள்ளைகளின் பள்ளி வேலைகளுக்கே மை தீர்ந்துவிடுகிறது. பக்கத்துக் கடையில் மிகக் குறைந்த செலவில் ரீஃபில் செய்து தருகிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் பிரிண்டரே கெட்டுவிடும் என்று உறவினர் ஒருவர் எச்சரிக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: உங்கள் உறவினரின் எச்சரிக்கை சில பிரிண்டர்களுக்குப் பொருந்தும், உங்களுடையதற்குப் பெரிதாகப் பொருந்தாது. மையைத் தாளின் மேல் தெளிக்கும் நுண்துளைகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹெச்பி 803, 682, கேனான் 745, 746 போன்றவற்றில் அந்தத் துளைகள் கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதியிலேயே, செம்பு நிறத் தகட்டுக்கு அருகில் அமைந்துள்ளன. ஆகவே ரீஃபில் சரியாக அமையாவிட்டால் பெரும்பாலும் அந்தக் கார்ட்ரிட்ஜோடு நஷ்டம் நின்றுவிடும். மை கசிந்து உள்ளே வழிந்தால் மட்டுமே பிரிண்டருக்குத் தொல்லை.

எனவே கறுப்பு மையைத் தயங்காமல் ரீஃபில் செய்யலாம் என்பதே என் கருத்து. ஆனால் எப்போது செய்கிறோம் என்பதில் கவனம் தேவை. இவ்வகைக் கார்ட்ரிட்ஜில் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. அது கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் சூடேறி, தன்னை ஒட்டியுள்ள மையைக் கொதிக்கவைக்க, அதில் உண்டாகும் குமிழி ஒரு துளி மையை வெளியே தள்ளுகிறது. அந்த மின்தடையைக் குளிர்விப்பதும் அதே மைதான். மை வற்றிய பிறகும் "இன்னும் நாலு பக்கம் வரும்" என்று அச்சிட்டுக்கொண்டே போனால் மின்தடைகள் கருகிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல மையை நிரப்பினாலும் எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடு விழுந்துகொண்டேதான் இருக்கும். பலர் ரீஃபில் மையைக் குறை சொல்வதற்குப் பின்னால் இந்தக் காரணம் இருப்பதுண்டு. எழுத்து மங்கத் தொடங்கியவுடன் நிறுத்தி, அன்றோ மறுநாளோ கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். காலிக் கார்ட்ரிட்ஜை வாரக்கணக்கில் மேசையில் போட்டுவைத்தால் எஞ்சிய மை துளைகளிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கடையில் ஊற்றும் மை எந்த வகை என்றும் கேளுங்கள். இந்தக் கார்ட்ரிட்ஜ்களில் கறுப்பு, நிறமித் துகள்கள் கலந்த பிக்மென்ட் மை. கலர், நீரில் கரைந்த சாய மை. கறுப்புக்கும் சாய மையையே ஊற்றினால் அச்சு வரும், ஆனால் எழுத்தின் ஓரம் தாளில் பரவும்; ஈரக் கை பட்டால் கலைந்தும் போகும்.

கலர் கார்ட்ரிட்ஜில் நான் அவ்வளவு துணிய மாட்டேன். சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனி அறைகளில், ஸ்பாஞ்சில் ஊறி நிற்கின்றன. சிரிஞ்சால் ஓர் அறையில் சற்றுக் கூடுதலாக ஏற்றிவிட்டாலும் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். கடையை விட்டுக் கிளம்பும் முன், மடித்த டிஷ்யூ தாளில் கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதியை மெல்ல ஒற்றிப் பாருங்கள். மூன்று நிறக் கோடுகள் தனித்தனியாகப் பதிந்தால் நல்லது. மஞ்சள் பச்சையாகத் தெரிந்தால் மை கலந்துவிட்டது, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்திரமாக வைத்திருக்க வேண்டிய புகைப்படங்களை அச்சிடுவதானால் நிறுவனத்தின் மையும் அதற்கேற்ற தாளும்தான் ஏற்றவை. மலிவான சாய மை வெளிச்சத்தில் விரைவில் வெளிறிப்போகும்.

ரீஃபில் செய்த பிறகும் கணினித் திரை "மை இல்லை" என்றே காட்டக்கூடும். பிரிண்டர் மையை அளந்து பார்ப்பதில்லை, தெளித்த துளிகளைக் கணக்கிட்டு மதிப்பிடுகிறது. அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டு அச்சிடுங்கள். ஆனால் இனி மை தீர்வதை எழுத்தின் கருமையைப் பார்த்துத்தான் நீங்கள் அறிய வேண்டியிருக்கும்.

கேள்வி: கடைக்காரர் ரீஃபிலுக்குப் பதிலாக "கம்பாட்டிபிள்" கார்ட்ரிட்ஜ் வாங்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ரீஃபில் என்பது நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜில், பிரிண்டர் அதை அடையாளம் காண உதவும் சிப்பும் அப்படியே இருக்க, புது மையை நிரப்புவது. கம்பாட்டிபிள் என்பது வேறொருவர் தயாரித்த கார்ட்ரிட்ஜ். பெரும்பாலும் சிப்பும் அவருடையது. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, அந்நிறுவனத்தின் சிப் இல்லாத கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன; எதிர்ப்பு வலுத்தபின் அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை ஹெச்பி வெளியிட நேர்ந்தது. ஆனாலும் "டைனமிக் செக்யூரிட்டி" என்ற பெயரில் இந்த ஏற்பாடு இன்றும் பல மாடல்களில் தொடர்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிரிண்டர், நேற்றுவரை ஏற்ற கார்ட்ரிட்ஜை இன்று மறுப்பது வாங்கியவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அது ஒருபுறமிருக்க, ஹெச்பியின் சிப் உள்ள ரீஃபில் கார்ட்ரிட்ஜ்களை அந்த ஏற்பாடு தடுப்பதில்லை என்று நிறுவனமே கூறுகிறது. ஆகையால் பழைய கார்ட்ரிட்ஜை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. வேறு நிறுவன மையை ஊற்றலாமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம். எப்சனில் அச்சுத் தலை, அதாவது மையைத் தெளிக்கும் நுண்துளைகள் உள்ள பகுதி, பிரிண்டரோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. மின்னழுத்தத்தால் வளையும் பீசோ தகடுகள் மையைத் தள்ளுகின்றன. ஒவ்வாத மை அதை அடைத்துவிட்டால், தலையை மாற்றும் செலவு பிரிண்டரின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மேலும், பாட்டில் மையில் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு ஏற்கெனவே மிகக் குறைவு; மலிவு மையால் மிச்சமாகும் தொகைக்காக அத்தனை பெரிய ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறையாவது எல்லா நிறங்களும் வரும்படி ஒரு பக்கம் அச்சிட்டு வாருங்கள். தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையை அடிக்கடி கொடுப்பதைத் தவிருங்கள், ஒவ்வொரு முறையும் அது கணிசமான மையைக் கழிவுப் பஞ்சுக்கு அனுப்புகிறது.