அடிமுறை, பாக்ஸிங் பழகுகிறவர்களுக்கு: ஓய்வு பற்றிக் கேள்வி பதில்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை இவை. நான் இருபது வருடமாக அடிமுறையும் (நம் கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய சண்டைக்கலை) பாக்ஸிங்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

கேள்வி: ஆசானே, விடியற்காலை மூன்று மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறேன். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை பாக்ஸிங், வாரத்தில் ஏழு நாளும். மூன்று மாதமாகக் கை வேகம் குறைந்துகொண்டே வருகிறது. என்ன குறை? (குழித்துறை)

பதில்: மக்களே, நீ வெட்டுகிற மரத்துக்குத் தினமும் கத்தி வைப்பாயா? ஒருநாள் விட்டு ஒருநாள்தானே? ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் என்று உனக்கே தெரியும். உன் தோளுக்கும் அதே கணக்குதான். கடுமையாகப் பேக் (குத்துப் பை) அடித்தால் தசை நார்கள் நைந்துபோகும். அவற்றை உடம்பு சரிசெய்து முடிக்க ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும்.

அதைவிடப் பெரிய குறை தூக்கம். எட்டு மணிக்கு முடித்து, குளித்து, சாப்பிட்டு, போன் பார்த்துப் படுக்கும்போது பத்தரை. மூன்று மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரம்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். ஒன்பதுக்குள் படு, பால் எடுத்துவிட்டு வந்து மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கு. வாரத்தில் மூன்று நாள் கடும் பயிற்சி, இரண்டு நாள் நிதானமாகச் சுவடு (காலடிப் பயிற்சி), இரண்டு நாள் ஒன்றுமே வேண்டாம்.

கேள்வி: இன்று பயிற்சி செய்யலாமா என்று காலையிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா அண்ணா? (தக்கலை)

பதில்: உண்டு. கண் விழித்ததும், பாயை விட்டு எழாமல், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணு. காலண்டர் தாளில் குறித்து வை. வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு மூன்று நாள் நின்றால், அன்று நடை மட்டும் போதும். காய்ச்சல் வருவதற்கு முன்னும் இப்படி ஏறும்.

கேள்வி: புதன்கிழமை ஸ்பாரிங்கில் (ஜோடியாக மோதிப் பழகும்போது) தாடையில் அடி விழுந்து கண் இருட்டியது. மறுநாள் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போட்டியில் இறங்கலாமா? (களியக்காவிளை)

பதில்: கூடாது. டாக்டரைப் பார்க்காமல் கையுறையைத் தொடாதே. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், அடக்க முடியாத தூக்கம் என்று ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ.

முதல் ஒன்றிரண்டு நாள் போனைக் குறைத்து, வீட்டைச் சுற்றி மெல்ல நடந்தால் போதும். பிறகு ஓட்டம், நிழல் பயிற்சி (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பேக் என்று படிப்படியாக ஏறு. ஒரு படிக்கு ஒரு நாளாவது வேண்டும். தலைவலி திரும்பினால் கீழ்ப்படிக்கு வா. ஸ்பாரிங் கடைசி, அதுவும் டாக்டர் சொன்ன பிறகு. அமெச்சூர் பாக்ஸிங் விதியில் தலையடியால் நாக்அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் தடை உண்டு. சும்மா வைத்த விதி இல்லை அது.

இருபத்திரண்டு வயதில் இப்படித் தலையில் அடிபட்டு ஐந்தாம் நாளே நான் களத்தில் இறங்கினேன். சொல்லிக்கொடுத்தவரும் தடுக்கவில்லை. அப்புறம் மூன்று மாதம் பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும். தென்னை ஓலையில் வெயில் பட்டு மின்னினாலே கண் கூசும். உனக்கு அது வரவேண்டாம் மக்களே.

கேள்வி: கர்க்கடகத்தில் உழிச்சல் (எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது) செய்யச் சொல்கிறார் தாத்தா. பயிற்சி விட்டுப்போகுமே? (பாறசாலை)

பதில்: போகட்டும். கர்க்கடகம் நம் ஆடி மாதம். மழையில் உடம்பு இளகியிருக்கும்போது எண்ணெய் தேய்ப்பது களரி வழக்கம். எத்தனை நாள் உழிச்சலோ, அத்தனை நாள் அதன்பின் ஓய்வும் இருக்கவேண்டும் என்று பழைய ஆசான்மார் வைத்திருந்தார்கள். அந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று மட்டும்: புதிதாக வீங்கிய இடத்தில் அழுத்தித் தேய்க்க விடாதே. துணியில் ஐஸ் சுற்றி வை.

கேள்வி: ஓய்வு நாளில் சாப்பாட்டைக் குறைக்கவா? (மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். உடம்பு அன்றுதான் பழுது பார்க்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் கறியும் (மத்தி மீன்) வயிறாரச் சாப்பிடு, சாயங்காலம் ஒரு ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்).