கொழும்பில் வானொலி அறிவிப்பாளராக விரும்பும் தம்பிக்கு

தம்பி, மதுரையிலிருந்து கொழும்புக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதென்றும், வானொலியில் நேயர்களோடு உரையாடும் நிகழ்ச்சி நடத்துவது சிறுவயது ஆசை என்றும் எழுதி, உங்களுடைய தமிழ் இங்கே எடுபடுமா என்று கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்திலிருந்து 2003-இல் திருமணமாகி கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதிக்கு வந்து, பின்னர் பகுதிநேர அறிவிப்பாளராகப் பதினான்கு ஆண்டுகள் காலை நிகழ்ச்சி நடத்தியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் விசா. வேலை செய்ய அனுமதிக்கும் வதிவிட விசா கைக்கு வரும்வரை எந்தக் கலையகத்திலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர்களான மயில்வாகனத்தையும் கே. எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்த வீடுதான் எங்களுடையதும். அதனால் குரல் தேர்வுக்கு முன்பு அவர்களுடைய உச்சரிப்பைப் போலவே பேசப் பழகிக்கொண்டு போனேன். தேர்வில் இருந்த மூத்த அறிவிப்பாளர், "உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுங்கள், ஆனால் எங்கள் சொற்களைப் படித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மருத்துவமனை இங்கே வைத்தியசாலை, நாடாளுமன்றம் பாராளுமன்றம், மாநகராட்சி மாநகர சபை. இவற்றை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். கடினமானது வேறு. ஒருநாள் மலையகத்தில் உள்ள ஹட்டன் பக்கத்திலிருந்து அழைத்த அம்மா ஒருவர், "எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது" என்றார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டிக்கட்டிய சிறு அறைகளில் வாழும் குடியிருப்பைத்தான் லயம் என்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. இசையின் லயத்தை மட்டுமே அறிந்திருந்த நான், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சப்பட்டு, நன்றி சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன். பத்து நாளாகத் தண்ணீரில்லாதவரை அப்படி அனுப்பியது இன்றும் உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் முஸ்லிம்களும் ஒரே மணி நேரத்தில் அழைக்கும் நிகழ்ச்சியில், விளங்காத சொல்லை உடனே "கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்" என்று கேட்கத் துணிபவரே உரையாடல் நடத்த முடியும்.

உங்கள் குரலைப் பற்றிய கவலையை விடுங்கள். வாஷிங்டனில் டயான் ரெம் என்பவர் 1973-இல் ஒரு பொது வானொலியில் சம்பளமில்லாத தன்னார்வலராக நுழைந்து, 1979-இல் நிகழ்ச்சிப் பொறுப்பேற்று, 1998-இல் குரலை நடுங்கவைக்கும் நரம்புக் கோளாறு உறுதியான பிறகும் 2016 வரை அதைத் தொடர்ந்தார். திக்கித் திணறி வந்த அந்தக் குரலுக்காக யாரும் வானொலியை அணைத்துவிடவில்லை; எதிரில் இருப்பவரை முழுதாகப் பேசவிட்டு, அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவர் என்று அவரைத் தேடிக் கேட்டார்கள்.

வருமானம் நிகழ்ச்சிக் கணக்கில்தான் வரும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு வேலையும் கையில் இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரம் இலங்கை வானொலியின் தென்றல் அலைவரிசையைக் கேட்டு, புதிய சொல் வரும்போதெல்லாம் குறித்து வையுங்கள். லயம் என்ற சொல்லோடு தொடங்கும் என் பழைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.