கோல் காப்பாளரும் வர்ணனையாளரும்: கேள்வி பதில்

கேள்வி (கொட்டாஞ்சேனை): உதைபந்தாட்டத்தில், பந்துக்குக் கிட்டிய கம்பத்தின் பக்கமாகக் கோல் விழுந்தால் அது காப்பாளரின் பிழையே என்று வர்ணனையாளர்கள் உடனே சொல்கிறார்கள். அது சரியா, ஐயா?

பதில்: பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. கோலின் அகலம் 7.32 மீற்றர். பந்திலிருந்து இரு கம்பங்களுக்கும் கோடு இழுத்தால் உண்டாகும் கோணத்தை ஏறக்குறைய நடுவில் பிரிக்கும் இடத்தில்தான் காப்பாளர் நிற்க வேண்டும். கிட்டிய கம்பத்தோடு ஒட்டி நின்றால் மறுபக்கம் திறந்துகிடக்கும், அதனூடாகக் கோல் விழுந்தால் அதற்கும் அவரையே குறை சொல்வார்கள். பந்து உதைபடும் கணத்தில் அவருடைய கால்களைப் பாருங்கள். இரு பாதங்களும் தோளகலத்துக்கு ஊன்றி, உடற்பாரம் முன்பாதங்களில் இருந்தால் எந்தப் பக்கமும் பாயலாம். ஒரு கால் இன்னும் அந்தரத்தில் இருந்தால், கைக்கெட்டும் பந்தும் தவறிவிடும். தொலைக்காட்சியின் மறுஒளிபரப்பு பெரும்பாலும் பந்தையே பின்தொடர்வதால் இந்தக் கால்கள் நம் கண்ணில் படுவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

கேள்வி (வெள்ளவத்தை): 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்ஸ் வீரர் கோலோ முவானியின் உதையை ஆர்ஜென்டினாக் காப்பாளர் எமிலியானோ மார்ட்டினெஸ் காலால் தடுத்தது வெறும் அதிர்ஷ்டம் என்கிறார்களே?

பதில்: நான் அதை ஏற்கவில்லை. மேலதிக நேரத்தின் கடைசிக் கணங்களில், அவ்வளவு கிட்டத்தில் இருந்து வரும் உதைக்குக் கையைக் கொண்டுபோக அவகாசமே இல்லை. எனவே அவர் முன்னேறி வந்து, கைகளை விரித்து, இடது காலைப் பக்கவாட்டில் நீட்டி, தம் உடலால் கோலின் பெரும்பகுதியை மறைத்தார். ஹேண்ட்போல், ஃபுட்சால் (உள்ளரங்கச் சிறு உதைபந்தாட்டம்) காப்பாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் இத்தகைய தடுப்பை, இன்று உதைபந்தாட்டக் காப்பாளர்களும் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

கேள்வி (தெமட்டகொடை): மழையில் ஆடும்போது என் மகன் பந்தைப் பிடிக்காமல் குத்திவிடுகிறான். அது பயமா?

பதில்: இல்லை, அம்மா. நனைந்த பந்தும் நெரிசலும் சேர்ந்தால் குத்துவதே புத்தி. உயரமாகவும் பக்கவாட்டிலும் போகக் குத்தச் சொல்லுங்கள். கோலுக்கு நேர்முன்னே விழக் குத்தினால் மட்டும் திருத்துங்கள்.

கேள்வி (மருதானை): பெனல்டியில் "முன்கூட்டியே பாய்ந்துவிட்டார்" என்று குறை சொல்வது நியாயமா?

பதில்: மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் உதைத்த பந்து பெனல்டிப் புள்ளியிலிருந்து கோல் வரையான 11 மீற்றரை ஏறத்தாழ 0.4 செக்கனில் கடந்துவிடும். பந்தைப் பார்த்த பின்பே பாய்வதென்றால் மூலைக்குப் போகும் உதையை எவராலும் எட்ட முடியாது. ஆதலால் உதைப்பவரின் ஓட்டத்தையும் ஊன்றும் காலின் திசையையும் வாசித்து, உதைக்குச் சற்று முன்பே பக்கத்தைத் தீர்மானிக்கிறார்கள். விதி கேட்பதோ, உதைக்கும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியேனும் கோல் கோட்டிலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும் என்பதை மட்டுமே.