உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்நுட்பம் வந்த பிறகு தலைமையாசிரியரின் வேலை எப்படி மாறியிருக்கிறது?

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அதற்கு முன் பட்டதாரி ஆசிரியராகக் கணக்குப் பாடம் எடுத்தேன். அதனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

2011-இல் இலவச மடிக்கணினி, 2018-இல் பாடநூலில் க்யூஆர் கோடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, பிறகு 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனப்படும் கணினி ஆய்வகம் என்று வரிசையாக வந்தன. இவை எல்லாம் ஆசிரியரின் வேலையைத்தான் அதிகம் தொட்டன. தலைமையாசிரியரின் வேலையை மாற்றியது எமிஸ். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் கொடுத்து, வருகை, மதிப்பெண், விலையில்லாப் பொருட்கள், மாற்றுச்சான்றிதழ் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் தளம் அது.

முன்பு பள்ளியில் நடப்பது தலைமையாசிரியர் வழியாகத்தான் மேலே போகும். பதிவேட்டைக் கூட்டி, அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். இப்போது வகுப்பாசிரியர் காலையில் செல்பேசியில் வருகையைப் பதிந்ததுமே மாவட்டத்துக்கும் சென்னைக்கும் தெரிந்துவிடுகிறது. சில நாள் எனக்கு முன்பே அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய பிள்ளை யார், ஏன் வரவில்லை என்பது பள்ளியில் இருப்பவருக்குத்தான் தெரியும். என் பார்வையில் தலைமையாசிரியரின் முதல் வேலையே இப்போது அதுதான்.

ஜூன் மாதச் சேர்க்கையில் இது நன்றாகப் புரியும். ஒரு மாணவர் பள்ளி மாறினால், பழைய பள்ளி அவரை எமிஸில் ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலில் விட வேண்டும். அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணை எங்களிடம் சேர்க்க வந்தார்கள். கட்டண பாக்கி என்று சொல்லி, அவள் படித்த தனியார் பள்ளி விடுவிக்கவில்லை. பிள்ளை எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், தளத்தில் அவள் இன்னும் அந்தப் பள்ளி மாணவி. கையிருப்பில் இருந்த பாடநூல்களைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அந்தப் பள்ளியிடம் பேசினேன், அப்புறம் கல்வி அலுவலருக்கு எழுதினேன். ஒருவழியாக விடுவித்தார்கள். தளத்தில் பெயர் வரும்வரை காத்திரு என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருப்பாள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

அதே காமன் பூல் ஒரு பெரிய நன்மையையும் செய்திருக்கிறது. முன்பெல்லாம் ஒருவர் நின்றுவிட்டால், ‘குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது’ என்று எழுதிப் பெயரை அடித்துவிடலாம், கேட்க ஆள் கிடையாது. இப்போது அந்தப் பிள்ளை வேறெந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்பது பட்டியலில் அப்படியே நிற்கும். செங்கல் சூளையோ, திருப்பூர் பனியன் கம்பெனியோ, பெற்றோர் பிழைக்கப் போன இடத்தை விசாரித்துத் தேடித்தான் ஆக வேண்டும். தேடினால் கிடைக்கிறார்கள். எமிஸ் வேலையைப் பற்றி எங்களுக்குள் எவ்வளவோ பேசிக்கொண்டாலும் இந்த ஒன்றுக்காக அது வேண்டும் என்பேன்.

2024-இல் பெற்றோரின் செல்பேசி எண்களை ஓடிபி மூலம் சரிபார்க்கும் வேலை வந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று வங்கி சொல்லிக்கொண்டிருக்கும்போது, பள்ளியிலிருந்து போன் செய்து அதைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அவர்கள் பயந்தது நியாயம். நேரில் வரச் சொல்லி, எதற்கு என்று விளக்கிய பிறகுதான் கொடுத்தார்கள். இதுபோல் நம்பிக்கை கேட்கிற வேலையெல்லாம் கடைசியில் தலைமையாசிரியர் மேசைக்குத்தான் வருகிறது. இரவு இன்ஸ்டாகிராமில் தொடங்கிய சண்டை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைகலப்பாக வந்து நிற்பதும் அப்படித்தான்.

இழப்பு எது என்றால் நேரம். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்ப்பதும் பாடம் எடுப்பதும்தான் முதலில் அடிபடும். ஹைடெக் லேபுக்கு ஓர் ஆள் போட்ட பிறகு, எமிஸ் பதிவுகளையும் அவர் பார்ப்பதால், பதிவேற்றும் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் ‘மிக அவசரம்’ என்று வரும் படிவங்களுக்குக் குறைவில்லை. முதல் இரண்டு பாடவேளை கணினி முன் உட்காருவதில்லை என்று வைத்திருக்கிறேன். அவசரம் என்றால் போனில் கூப்பிடுவார்கள்.

புதிதாகத் தலைமையாசிரியர் ஆகிறவர்களுக்கு எதை எங்கே பதிவேற்றுவது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். பதிந்ததை வைத்து என்ன செய்வது என்பதை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை, தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களின் பட்டியலை எடுத்து, வகுப்பாசிரியர்களோடு பெயர் பெயராகப் பேசுகிறோம். பஸ் நேரம் மாறிவிட்டது, பருத்தி எடுக்கப் போயிருக்கிறான், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் வரும். பஸ் பிரச்சினை என்றால் டெப்போவுக்குக் கடிதம், மற்றதற்கு வீட்டுக்கு ஒரு நடை. அரை மணி நேரம்தான் ஆகும், நீங்களும் தொடங்கிப் பாருங்கள்.