9 சதவீத வாக்கு எடுத்த கட்சிக்கு 9 ஆசனமா?

கேள்வி: திருகோணமலை, உவர்மலையில் வசிக்கிறேன். கற்பனைத் தீவு நாடு ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். அந்நாட்டு லிபரல் கட்சி 1953 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் எல்லாத் தேர்தல்களிலும் 9 சதவீத வாக்கும், 100 ஆசனங்களில் ஒன்பதும் எடுப்பதாக அட்டவணை போட்டிருக்கிறேன். கட்சியின் ஆதரவு நாடெங்கும் ஒரே அளவு. தேர்தல் முறை இலங்கையைப் போன்றது: 22 மாவட்டங்கள், தலா 4 ஆசனம், நாடளாவிய வாக்குக்கேற்பப் பங்கிடும் தேசியப்பட்டியலில் 12. படித்த நண்பர் ‘இது நடக்காது’ என்கிறார். அட்டவணையைச் சரிசெய்து தர ஒருவர் 15,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நண்பர் சொன்னதுதான் சரி. உங்கள் கட்சிக்குக் கிடைப்பது ஒன்பது அல்ல, ஒரே ஒரு ஆசனம்.

நம் முறையில் பெரும்பாலான ஆசனங்கள் மாவட்டத்துக்குள்ளேயே பங்கிடப்படுகின்றன. திருகோணமலையைப் போல 4 ஆசனமுள்ள ஒரு மாவட்டத்தை எடுங்கள். செல்லுபடியான வாக்குகள் 200,000. முதல் கட்சி 86,000, இரண்டாவது 62,000, மூன்றாவது 34,000, லிபரல் 18,000. வெட்டுப்புள்ளி 5 சதவீதம், அதாவது 10,000; அதற்குக் கீழே எடுத்த கட்சி பங்கீட்டில் சேராது. லிபரல் அதைத் தாண்டிவிட்டது. அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் போனஸ் ஆசனம் ஒன்று. மிச்சம் மூன்று. 200,000ஐ மூன்றால் வகுத்தால் 66,666 சொச்சம் வரும். சொச்சத்தை விடக்கூடாது, அடுத்த முழு எண்ணான 66,667ஐ எடுக்க வேண்டும். அத்தனை வாக்கு முதல் கட்சியிடம் மட்டுமே உண்டு. அதற்கு இன்னொரு ஆசனம் போக, கையில் மீதி 19,333. எஞ்சிய இரண்டு ஆசனங்களும் மீதி அதிகமுள்ளவர்களுக்கு: 62,000க்கு ஒன்று, 34,000க்கு ஒன்று. லிபரலின் 18,000 வெறுங்கையோடு வீடு திரும்பும். முடிவு 2-1-1. திருகோணமலையில் 2020இலும் 2024இலும் வந்தது இதே 2-1-1 தான். வெட்டுப்புள்ளியைத் தாண்டினாலே ஆசனம் உறுதி என்று மேடையில் சொல்பவர்களை நம்பாதீர்கள். 4 ஆசன மாவட்டத்தில் 5 சதவீதம் ஒரு கதவைத்தான் திறக்கும், நாற்காலி தராது.

ஆகவே 22 மாவட்டங்களிலும் பூச்சியம். தேசியப்பட்டியலில் 12இல் 9 சதவீதம் என்றால் ஒன்று. இப்போது அதே வாக்கைக் குவித்துப் பாருங்கள். எல்லா மாவட்டங்களிலும் மொத்த வாக்கு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், கட்சிக்கு ஐந்து மாவட்டங்களில் 25 சதவீதம், மற்றப் பதினேழில் 4 சொச்சம். நாடளாவிய கணக்கு அப்போதும் 9 தான். ஆனால் ஆசனம் 5+1, ஆறு. ஒன்பது வேண்டுமென்றால் கட்சிக்கு ஒரு துறைமுக நகரமோ மலைநாடோ சொந்தமாக இருக்க வேண்டும்.

தேசியப்பட்டியலைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் சறுக்குவது இங்கேதான். அதற்கு 5 சதவீத வெட்டுப்புள்ளி இல்லை. 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) நாடு முழுவதும் 2.15 சதவீதம் எடுத்தது. ஒரு மாவட்டத்திலும் ஆசனம் இல்லை. 29 தேசியப்பட்டியல் ஆசனங்களில் ஒன்று மட்டும் கிடைத்தது. அந்த ஒற்றை ஆசனத்தில் 2021 ஜூனில் பாராளுமன்றம் வந்த ரணில் விக்கிரமசிங்க, 2022 ஜூலை 20இல் 134 வாக்குகள் பெற்று அதே பாராளுமன்றத்தில் ஜனாதிபதியாகத் தெரிவானார். இலங்கை லிபரல் கட்சியும் பட்டியல் வழியே வந்ததுதான்: அதன் அப்போதைய தலைவர் ராஜீவ விஜேசிங்க 2010இல் பெரிய கூட்டணி ஒன்றின் தேசியப்பட்டியலில் உறுப்பினரானார். உங்கள் கட்சியும் சில தேர்தல்களில் தன் சின்னத்தை மடித்து வைத்துவிட்டுக் கூட்டணியில் கேட்டிருக்கும். அந்த ஆண்டுகளில் அதற்கென்று தனி வாக்கு வீதம் எழுத முடியாது. கோடு போட்டு விடுங்கள்.

இந்தப் பட்டியலைச் சுற்றித்தான் தரகர்கள் மொய்க்கிறார்கள். அவர்கள் இல்லாத நாவல் பொய்யாகத் தெரியும். 4 ஆசன மாவட்டத்துக்கு வேட்பாளர்கள் ஏழு பேர். தரகர் ஊருக்கு ஒருவராக ஏழு பேரைப் பிடிப்பார். ‘நீ ஐந்நூறு வாக்குக் கொண்டுவா, தோற்றால் தேசியப்பட்டியல்’ என்பார். ஏழு பேருக்கும் தனித்தனியாக அதே வாக்குறுதி. பட்டியலுக்குப் பெயர் கொடுப்பது கட்சிச் செயலாளர், தரகர் அல்ல. அந்த ஐந்நூறுகள் சேர்ந்து மேலே இருப்பவரை உள்ளே அனுப்பும், கொண்டுவந்தவர் கடனோடு நிற்பார். இது வருடக்கணக்காக நடக்கிறது, தடுக்க யாருக்கும் அவசரமில்லை.

அடுத்த பிழை, 1953 முதல் ஒரே முறை. இங்கே விகிதாசார முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தல் 1989இல். அதற்கு முன் தொகுதி முறை: தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவருக்கே ஆசனம். 1977இல் ஐ.தே.க. ஏறத்தாழ 51 சதவீதத்துக்கு 168இல் 140 ஆசனம் எடுத்தது. சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு வெறும் 8. தமிழர் விடுதலைக் கூட்டணி 7 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்து 18 ஆசனத்தோடு எதிர்க்கட்சி ஆனது, காரணம் வாக்கு வடக்கு கிழக்கில் குவிந்திருந்தது. சம்பந்தன் திருகோணமலையில் முதன்முதலாக வென்றதும் அப்போதுதான். பரவிக் கிடக்கும் 9 சதவீதத்துக்குத் தொகுதி முறையில் பூச்சியம் என்றே எழுதுங்கள்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் என்பதையும் கலையுங்கள். 1982 டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். 1977க்குப் பிறகு 1989 வரை பொதுத்தேர்தலே இல்லை. கிழக்கு மாகாண சபைக்கு 2012 செப்டம்பரில் வாக்களித்தோம், 2017இல் அதன் காலம் முடிந்தது, எல்லை நிர்ணயம் என்ற பெயரில் தேர்தலைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். வாக்காளரைக் காக்க வைப்பது இவ்வளவு சுலபமாக இருப்பது வெட்கக்கேடு. உங்கள் தீவிலும் ஒரு தேர்தலாவது தள்ளிப்போயிருக்க வேண்டும்.

15,000 ரூபாவுக்கு அவர் செய்யப்போவதை ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் இருந்தால் நீங்களே ஒரு மாலையில் செய்யலாம். வாக்கு வீதத்தைச் செல்லுபடியான வாக்கிலிருந்து கணியுங்கள், நிராகரிக்கப்பட்டதைச் சேர்க்காதீர்கள். ‘ஆசனம்’ என்ற நிரலை மாவட்டம், பட்டியல் என இரண்டாகப் பிரியுங்கள். முறை மாறிய ஆண்டில் தடித்த கோடு ஒன்று இழுங்கள். பிறகு ஒவ்வொரு வரியிலும் எல்லாக் கட்சிகளின் ஆசனத்தையும் கூட்டிப் பாருங்கள்: 100 வராத வரியை முதலில் திருத்துங்கள்.