குட்டியைத் தொட்டதால் தாய்ப்பூனை ஒதுக்குகிறதா?

கேள்வி: டொக்டர், எங்கள் பூனை முதல் தடவையாக நான்கு குட்டி போட்டிருக்கிறது. இன்று மூன்றாம் நாள். நாங்கள் செய்து வைத்த பெட்டியை விட்டுவிட்டு அலுமாரிக்குக் கீழே குட்டிகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. கிட்டப் போனால் உறுமுகிறது. நஞ்சுக்கொடியைத் தின்றது, நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று குட்டிகள் பால் குடிக்கின்றன. ஆகச் சின்னது மட்டும் தனியாகக் கிடந்து கத்துகிறது, தாய் திரும்பியும் பார்க்கவில்லை. பிறந்த அன்று என் மகன் அதைத் தூக்கிப் பார்த்தான். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும், தின்றும்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பால்மா கரைத்துப் பருக்கினேன், கடைவாயால் வழிகிறது. தாய்க்கும் உடம்பு சுடுகிறது. பனடோல் கால் குளிசை கொடுக்கலாமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: மகனை ஏசியிருந்தால் முதலில் அவனைச் சமாதானப்படுத்துங்கள். அவன் தூக்கியதால் ஒன்றும் நடக்கவில்லை. நாள் முழுக்க உங்கள் காலில் உரசிக்கொண்டு திரியும் வீட்டுப் பூனைக்கு உங்கள் வாடை புதிதா என்ன? இந்த யூடியூப் வைத்தியர்கள் ஒரு பூனைக்காவது பேறு பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்தச் சின்னக் குட்டி விஷயம் வேறு. அது பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்காது என்பதால் உங்களுக்கு உடனேயே சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காகவும்தான்.

தாய் ஒதுக்கியதால் குட்டி தனியாகக் கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். குட்டி முதலில் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த குட்டிக்கு முலைக்காம்பைத் தேடிப்போகவும் இழுத்துக் குடிக்கவும் தெம்பு இருக்காது. உடம்புச் சூடு இல்லாத குட்டியைத் தாயும் தன் குட்டியாகப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. கல் நெஞ்சு என்று அதைத் திட்ட வேண்டாம், சூடு திரும்பினால் பல தடவை தானாகவே நக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

திருகோணமலை வெயிலில் குளிரா என்று கேட்பீர்கள். இங்கே யாரிடம் சொன்னாலும் இதே கேள்விதான். பிறந்த முதல் ஒரு கிழமைக்குப் பூனைக்குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. அதைச் சுற்றி 30 பாகை செல்சியஸ் அளவில் சூடு இருக்க வேண்டும். கச்சான் காற்று அனலாக வீசும் நாளிலும் விடியப்புறம் சீமெந்துத் தரை சில்லென்றுதான் இருக்கும். உங்கள் அலுமாரிக்குக் கீழே இருப்பதும் அந்தத் தரைதானே? போதாததற்கு, குட்டிகளுக்குப் புழுங்குமே என்று மின்விசிறியைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. பேற்றின்போது நனைந்த சீலையை மாற்றாமல் விட்டால் கேட்கவே வேண்டாம்.

சுண்டுவிரலைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துக் குட்டியின் வாய்க்குள் மெதுவாக வையுங்கள். நல்ல குட்டியின் வாய் வெதுவெதுப்பாக இருக்கும், விரலைச் சப்பவும் பார்க்கும். உள்வாய் குளிராக இருந்து, சப்பாமல், கையில் துவண்டு கிடந்தால் அது ஆபத்து. உங்கள் கடிதத்தில் நான் பயப்படும் ஒரே விஷயம் இதுதான்.

குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. எந்தப் பாலும். உடம்பின் சூடு 35 பாகைக்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே கிடந்து ஊதும். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பருக்கினால் பால் நுரையீரலுக்குள் போகும். கடைவாயால் வழிகிறது என்கிறீர்களே, வழிந்தவரைக்கும் நல்லது. பால்மாவை இத்தோடு நிறுத்துங்கள்.

முதல் வேலை சூடேற்றுவது. குட்டியை மெல்லிய துணியில் சுற்றி உங்கள் நெஞ்சோடு, சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு பிளாஸ்டிக் போத்தலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, தடித்த துவாயால் சுற்றி, குட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வைத்தால் இதமாகத் தெரிய வேண்டும், சுடக் கூடாது. அவசரப்பட்டு வெந்நீரில் முக்குவது, முடி உலர்த்தும் இயந்திரத்தைப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். ஒன்று, இரண்டு மணித்தியாலம் எடுத்து மெதுவாகச் சூடேறட்டும். வாய் வெதுவெதுப்பானதும் தாயின் பின்னங்கால் பக்கத்து முலைக்காம்பில் வாயை வைத்துவிடுங்கள், அங்கே பால் கூட. கொழுத்த குட்டி ஒன்று அந்த இடத்தைப் பிடித்திருந்தால் கொஞ்ச நேரம் அதைத் தள்ளி வையுங்கள், ஒன்றும் ஆகாது.

சூடேறியும் சப்பவில்லை என்றால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் அந்தக் குட்டிக்கு நாளை இருக்காது. தாய்ப்பால் கிடைக்காத குட்டிக்குப் பூனைக்குட்டிக்கென்றே செய்த பால்மா இருக்கிறது. மாட்டுப்பாலில் அதற்குத் தேவையான புரதமும் கொழுப்பும் இல்லை, வயிற்றோட்டம்தான் மிஞ்சும். எதைக் கொடுத்தாலும் குட்டி குப்புறப் படுத்த நிலையில் இருக்க வேண்டும், கைக்குழந்தையைப் போல மல்லாத்தக் கூடாது.

சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் நான்கையும் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும், நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, மேலுக்கு எவ்வளவு துருதுருவென்று இருந்தாலும், அந்தக் குட்டியைக் காட்டுங்கள்.

இனித் தாய். பனடோல் கொடுக்கவே கூடாது. கால் குளிசையே பூனைக்கு நஞ்சு, அரைக் குளிசை உயிரை எடுக்கப் போதும். அந்த மருந்தை முறித்து வெளியேற்ற அதன் ஈரலால் முடியாது. இரத்தம் பழுப்பாகி ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், முகம் வீங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓட்டோ பிடியுங்கள். தொட்டால் சுடுகிறது என்பதெல்லாம் காய்ச்சலுக்குக் கணக்கில்லை. பூனையின் இயல்பான சூடே 38 பாகைக்கு மேல், நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும்.

நஞ்சுக்கொடியைத் தின்றது இயல்பு. உறுமுவதும் இயல்பு. இடம் மாற்றியது, நீங்கள் வைத்த பெட்டி வெளிச்சமான, ஆள் நடமாடும் இடத்தில் இருந்ததால். அது தெரிந்தெடுத்த இடத்திலேயே விடுங்கள். ஒரு மட்டைப் பெட்டியின் முன்பக்கத்தைத் தாழ வெட்டி, பழைய சாரம் ஒன்றை மடித்துப் போட்டு, அலுமாரிக்குக் கீழேயே தள்ளி வையுங்கள். சூட்டுப் போத்தலை ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், புழுங்கினால் குட்டிகள் மற்றப் பக்கம் நகர இடம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் குட்டி பார்க்கும் ஊர்வலத்தை இரண்டு கிழமைக்கு நிறுத்துங்கள். ஊர்க் கடுவன் உள்ளே வராமல் கதவைச் சாத்துங்கள், குட்டிகளுக்கு உண்மையான எதிரி அவன்தான்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் குட்டிகளை விட்டு எழும்பாமலே எட்டும் தூரத்தில் வையுங்கள். குசினி வரைக்கும் போய்வர அதற்கு மனம் வராது, பாதி நேரம் 'சாப்பிடவில்லை' என்பது இவ்வளவுதான். உப்புப் போடாமல் அவித்து முள் எடுத்த சூடை மீன் நல்லது. கறிக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டாம், அதிலுள்ள வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பக்கத்தில் வைத்தும் ஒரு நாள் முழுக்க வாய் வைக்காவிட்டால், முலை கல்லாகிச் சிவந்திருந்தால், பின்பக்கம் நாறினால் கொண்டுவாருங்கள். இலேசான சிவப்புக் கசிவு மட்டும் இரண்டு கிழமை வரை இருக்கலாம், அதற்கு ஓடி வர வேண்டாம். பால் கொடுக்கும் கிழமைகளில் திடீரென்று கால் விறைத்து நடுங்கினால் அது கல்சியக் குறைவு, இரவானாலும் பொறுக்கக் கூடாது.

குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். பால் கொடுக்கும்போதே அது மறுபடி சினைப்படும்.

வைத்தியரிடம் வரும்போது சின்னதை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நான்கையும் தாயையும் ஒரே பெட்டியில் வைத்து, மேலே துணி மூடி, சூட்டுப் போத்தலோடு கொண்டுவாருங்கள்.